ஒரு ஓட்டா, நாலு ஓட்டா: டோம்பிவிலியிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு நீண்ட பதில்

மும்பைக்கு அருகே டோம்பிவிலியில் இருக்கும் சகோதரி ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். 2015இல் கல்யாண்-டோம்பிவிலி மாநகராட்சித் தேர்தலில் ஒரே ஒரு பட்டனை அழுத்திவிட்டு வந்தேன், 2026 ஜனவரியில் போனால் நாலு தடவை அழுத்தச் சொல்கிறார்கள், அதே நாளில் தாராவியில் இருக்கும் என் அக்கா ஒரே ஓட்டுத்தான் போட்டேன் என்கிறாள், இது என்ன கணக்கு, நம் மாதிரித் தமிழ் ஆட்களுக்கு இதில் எது நல்லது என்பது முதல் கேள்வி. எங்கள் தமிழ் மன்றத்தின் நிர்வாகக் குழுவுக்கு ஒன்பது பேரைத் தேர்ந்தெடுக்கப் புது விதி எழுதுகிறோம், எந்த முறை வைக்கலாம் என்பது இரண்டாவது.

இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்குதான். ஒரு குழுவுக்குப் பல பேரைத் தேர்ந்தெடுக்கும்போது ஓட்டாளி கையில் எத்தனை ஓட்டு இருக்கிறது, அத்தனையையும் ஒரே ஆள் மேல் போட அவருக்கு அனுமதி உண்டா இல்லையா. சிறுபான்மைக்கு ஓர் இடம் கிடைக்குமா என்பதை இந்த இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் முடிவு செய்துவிடுகின்றன. யார் நல்லவர், எந்தக் கட்சி என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

முதலில் உங்கள் அக்காவின் ஓட்டு. மும்பை மாநகராட்சிக்கு 1888ஆம் வருடத்துத் தனிச் சட்டம் இருக்கிறது. 227 வார்டு, வார்டுக்கு ஒரு கார்ப்பரேட்டர் (மாமன்ற உறுப்பினர்), ஆளுக்கு ஒரு ஓட்டு. 2011 கணக்கெடுப்பில் நகரத்தின் மக்கள் தொகை 1 கோடியே 24 லட்சம், அப்படியானால் ஒரு வார்டுக்குச் சராசரியாக 55,000 பேர். இந்த முறையின் பெரிய நன்மை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சாக்கடை அடைத்தால் யாரைக் கேட்பது என்று தெரியும். மழைக்கு முன்னால் நாலாவை, அதாவது மழைநீர்க் கால்வாயை, தூர் வாரவில்லை என்றால் ஒரே ஒரு ஆள்தான் பதில் சொல்ல வேண்டும், அவருடைய அலுவலகம் எந்த நாக்காவில் (தெருச் சந்திப்பில்) இருக்கிறது என்று சந்தில் விளையாடும் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஆனால் இந்த முறையில் கோடு எங்கே போடுகிறார்கள் என்பதுதான் எல்லாம். நம் ஆட்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் ஒற்றை வார்டு நமக்குச் சாதகம். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் தமிழ் ஓட்டைக் கணக்கில் எடுக்காமல் எந்தக் கட்சியும் ஆளை நிறுத்துவதில்லை, சயான் கோலிவாடாவில் கேப்டன் தமிழ்ச்செல்வன் 2014 முதல் சட்டமன்ற உறுப்பினராக இருக்கிறார் என்றால் அதில் அந்த நெருக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. செம்பூர், முலுண்ட், நெருல், உங்கள் டோம்பிவிலி இங்கெல்லாம் கதை வேறு. ஒரு கட்டடத்தில் நாலு வீடு, அடுத்த குடியிருப்புச் சொசைட்டியில் பத்து வீடு என்று சிதறி இருக்கிறோம். மொத்த நகரத்திலும் கூட்டிப் பார்த்தால் பெரிய எண்ணிக்கை வரும், எந்த வார்டை எடுத்தாலும் அந்த எண்ணிக்கை போதாது. நெருக்கமாக இருக்கும் இடத்திலும் ஒரு தெருவை இந்தப் பக்கமும் அடுத்த தெருவை அந்தப் பக்கமும் தள்ளினால் அதே கதிதான்.

கோட்டை மாற்றுவது எவ்வளவு சுலபம் என்பதற்கு அண்மைக்கால உதாரணமே இருக்கிறது. 2021 கடைசியில் அப்போதைய மாநில அரசு 227ஐ 236 ஆக்கியது. 2022இல் ஆட்சி மாறியதும் மறுபடி 227. ஒவ்வொரு மாற்றத்திலும் யார் வீடு எந்த வார்டில் என்பது நகர்கிறது. வார்டு வரைவு வெளிவந்ததும் ஆட்சேபம், ஆலோசனை சொல்லச் சில நாள் அவகாசம் தருவார்கள், மராத்தியில் ‘ஹர்கத்தி’ என்று போட்டிருக்கும். அந்தச் சில நாளில் வரைபடத்தை விரித்துப் பார்த்து எழுதிக் கொடுப்பவர்களில் நம் ஆட்கள் மிகக் குறைவு. தேர்தலன்று மூன்று மணி நேரம் வரிசையில் நிற்கத் தயாராக இருக்கிறோம், வரைபடம் வரும் வாரத்தில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இது எனக்கு நிஜமாகவே வருத்தம் தரும் விஷயம்.

ஒற்றை வார்டின் இன்னொரு குறை, அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்றால் பாதிப் பேருக்கு மேல் அவருக்குப் போட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. பல கட்சிகள் தனித்தனியாக நிற்கும் வார்டில் 30 சதவீதம் வாங்கியே ஜெயிக்கலாம். 2017 மும்பைத் தேர்தல் இதற்கு நல்ல பாடம். சிவசேனா 84, பாஜக 82. அதில் 220ஆம் வார்டில் பாஜகவின் அதுல் ஷாவும் சிவசேனாவின் சுரேந்திர பாகல்கரும் ஆளுக்குச் சரியாக 5,946 ஓட்டு. திரும்ப எண்ணியும் தீராமல், கடைசியில் ஒரு சிறுமியை விட்டுச் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். சீட்டில் வந்த பெயர் அதுல் ஷா. அவர் கார்ப்பரேட்டர் ஆனார், இன்னொருவருக்குப் போட்ட 5,946 பேருக்கு மாமன்றத்தில் எதுவும் இல்லை. சமமாக வந்தால் சட்டம் அப்படித்தான் சொல்கிறது, அதில் யார் தவறும் இல்லை. ஆனால் ஒரே ஓர் இடத்துக்கான போட்டியில் தோற்றவர் பக்கம் எவ்வளவு பேர் இருந்தாலும் அது பூஜ்யம்தான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சரி, உங்கள் நாலு பட்டனுக்கு வருவோம்.

மும்பையைத் தவிர மற்ற மகாராஷ்டிர மாநகராட்சிகளுக்கு வேறு சட்டம், அதில் ஒரு பிரபாகுக்கு (வார்டுக்கு மராத்திப் பெயர்) எத்தனை உறுப்பினர் என்பதை அரசுகள் மாற்றிக்கொண்டே வந்திருக்கின்றன. 2002இல் மூன்று, 2007இல் ஒன்று, 2012இல் இரண்டு, 2017இல் நாலு. உங்கள் மாநகராட்சிக்குத் தேர்தல் அந்த வருடங்களில் இல்லை, அது 2015இல் ஒற்றை வார்டாக ஓட்டுப் போட்டது, அடுத்த தேர்தல் பத்து வருடத்துக்கு மேல் கழித்து 2026 ஜனவரி 15 அன்றுதான் நடந்தது, அதற்குள் விதி மாறிவிட்டது. உறுப்பினர் எண்ணிக்கை அதே 122தான், பிரபாகுகள்தான் பெரிதாகிவிட்டன. நாலு இடத்துக்கும் அ, ப, க, ட என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் தனி வேட்பாளர் பட்டியல், எந்திரத்தில் தனி நிறத்தில் தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பட்டன்.

இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். நாலு பேர், நாலு ஓட்டு என்றதும் சிறிய கூட்டத்துக்கும் ஒருவர் வந்துவிடுவார் என்று தோன்றும். வராது. நீங்கள் போட்டது ஒரு தேர்தலில் நாலு ஓட்டு இல்லை, நாலு தனித்தனித் தேர்தலில் தலா ஒரு ஓட்டு. 1,000 ஓட்டாளிகள் இருக்கும் பிரபாக் என்று வைத்துக்கொள்ளுங்கள். 510 பேர் ஒரு பக்கம், 490 பேர் மறு பக்கம். அ இடத்தில் 510க்கு 490, ப இடத்தில் 510க்கு 490, க, ட எல்லாம் அப்படியே. நாலும் ஒரு பக்கத்துக்கே. ஒற்றை வார்டாக நாலாகப் பிரித்திருந்தால், அந்த 490 பேர் ஏதாவது ஒரு மூலையில் கொஞ்சம் நெருக்கமாக இருந்து ஓர் இடமாவது பிடித்திருக்கலாம். இந்த நாலு பேர் பேனல் முறை அந்த மூலையையும் பெரிய வட்டத்துக்குள் கரைத்துவிடுகிறது. என் கருத்தில் சிதறி வாழும் கூட்டத்துக்கும் சுயேச்சைக்கும் இருக்கும் முறைகளிலேயே மோசமானது இதுதான். சுயேச்சையாக நிற்பவர் நாலு மடங்கு பெரிய பகுதியில் ஓடி ஓடிப் பிரசாரம் செய்ய வேண்டும், அவர் போட்டியிடுவதோ ஒரே ஓர் இடத்துக்கு.

பிறகு ஏன் இதை வைத்திருக்கிறார்கள்? ஒரு காரணத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு, அதோடு பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு. ஒற்றை வார்டில் குலுக்கல் போட்டு இந்தத் தடவை பெண்கள் வார்டு, அடுத்த தடவை பொது வார்டு என்று மாறும். ஐந்து வருடம் வேலை செய்தவருக்கு அடுத்த தடவை அதே வார்டில் நிற்க முடியாமல் போகும், பல இடங்களில் அவர் மனைவியை நிறுத்துவார்கள். நாலு பேர் பிரபாகில் இரண்டு இடம் எப்போதும் பெண்களுக்கு, மீதி இரண்டில் பழையவர் எங்காவது நிற்கலாம். கட்சிகளுக்கு இது வசதி. ஓட்டாளிக்கு என்ன வசதி என்று கேட்டால், சாக்கடைக்கு நாலு பேரிடம் போக வேண்டும், நாலு பேரும் அது மற்றவர் பகுதி என்பார்கள். டோம்பிவிலியில் எனக்குத் தெரிந்த ஒரு சொசைட்டிச் செயலாளர், தண்ணீர் லைன் விஷயமாக ஒரே மனுவை நாலு நகல் எடுத்து நாலு அலுவலகத்திலும் முத்திரை வாங்கி வைத்திருக்கிறார், அந்த நாலு நகலையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு எங்கே போனாலும் கையோடு கொண்டு போகிறார்.

அப்படியானால் பல உறுப்பினர் தொகுதியே தப்பா? இல்லை. அங்கேதான் ஓட்டைக் குவிக்க முடியுமா என்ற விஷயம் வருகிறது, இதற்கு நம் மும்பையிலேயே ஒரு பழைய சரித்திரம் இருக்கிறது.

1937இல் பம்பாய் மாகாணச் சட்டசபைத் தேர்தலில் பைகுலா-பரேல் பகுதி ஒரு பல உறுப்பினர் தொகுதி. அதில் பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய இடத்துக்கு அம்பேத்கர் நின்றார், காங்கிரஸ் அவருக்கு எதிராகப் புகழ்பெற்ற பந்துவீச்சாளர் பல்வாங்கர் பாலுவை நிறுத்தியது. அம்பேத்கருக்கு 13,245, பாலுவுக்கு 11,225. பம்பாயில் அப்போது இருந்தது குவித்துப் போடும் முறை: கையில் இருக்கும் எல்லா ஓட்டையும் ஒரே ஆளுக்குக் கொடுக்கலாம். எண்ணிக்கையில் சிறியவர்கள், தங்களுக்கு நம்பிக்கையான ஒருவர் மேல் மொத்தப் பலத்தையும் வைக்க இது இடம் கொடுத்தது.

அதே நகரம், அதே மனிதர், சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல். பம்பாய் வடக்கு, இரண்டு உறுப்பினர் மக்களவைத் தொகுதி, ஒரு பொது இடம், ஒரு பட்டியல் சாதி இடம். இந்தத் தடவை ஆளுக்கு இரண்டு ஓட்டு, ஆனால் இரண்டையும் ஒரே ஆளுக்குப் போடக் கூடாது. அம்பேத்கர் காங்கிரசின் நாராயண் காஜ்ரோல்கரிடம் 14,000க்கும் அதிகமான வித்தியாசத்தில் தோற்றார். 70,000க்கும் மேற்பட்ட வாக்குச்சீட்டுகள் செல்லாமல் போயின, இரண்டாவது ஓட்டை வீணாக்கச் சொல்லிப் பிரசாரம் நடந்தது என்று அவரும் சோஷலிஸ்ட் கட்சியின் அசோக் மேத்தாவும் வழக்குப் போட்டார்கள், வழக்கு நிற்கவில்லை. தோல்விக்கு முறை மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. 1952இல் காங்கிரஸ் அலை பெரியது, நேரு இருந்தார், அம்பேத்கர் மத்திய அமைச்சரவையிலிருந்து விலகி வந்திருந்தார். ஆனால் இரண்டு ஓட்டையும் ஒருவருக்கே போடலாம் என்று இருந்திருந்தால் அந்தத் தொகுதியின் கணக்கே வேறு மாதிரி ஓடியிருக்கும்.

அந்த இரட்டை உறுப்பினர் முறையும் அதிக நாள் நிற்கவில்லை. 1957இல் ஆந்திரத்தின் பார்வதிபுரத்தில் பழங்குடி இடத்துக்கு ஒருவர் போக, இன்னொரு பழங்குடி வேட்பாளர் அதிக ஓட்டு வாங்கிப் பொது இடத்தையும் எடுத்துக்கொண்டார். தோற்றவர் வி.வி.கிரி, பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனவர். அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார், 1959இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. 1961இல் இரட்டைத் தொகுதிகளையே ஒழித்துச் சட்டம் போட்டார்கள்.

குவித்துப் போடும் முறையின் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள், அப்புறம் மறக்காது. அதே 1,000 பேர், நாலு இடம், ஆளுக்கு நாலு ஓட்டு, எப்படி வேண்டுமானாலும் போடலாம். 210 பேர் ஒன்று சேர்ந்து தங்கள் ஆளுக்கே நாலையும் போட்டால் 840. மீதி 790 பேரின் 3,160 ஓட்டை நாலு பேருக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு 790. அந்த 210 பேரின் ஆளை யாராலும் தடுக்க முடியாது. பொது விதி: இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி அதால் வகுங்கள். நாலு இடம் என்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு ஓர் ஓட்டு மேலே இருந்தால் போதும். ஒன்பது இடம் என்றால் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

இது புதுமையான யோசனை ஒன்றும் இல்லை. லண்டனில் 1870இல் பள்ளிக்கூடங்களை நிர்வகிக்க முதன்முதலாகப் பள்ளி வாரியம் அமைத்தபோது இதே முறைதான் வைத்தார்கள். நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடவே பெண்களுக்கு உரிமை இல்லாத காலம் அது. மேரிலபோன் பகுதியில் டாக்டர் எலிசபெத் காரட் 47,000க்கும் மேல் ஓட்டு வாங்கி முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்தவர் விஞ்ஞானி ஹக்ஸ்லி, அவருக்குக் கிடைத்தது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இங்கேயே இந்த முறையின் குறையும் தெரிகிறது பாருங்கள்: காரட்டுக்கு ஜெயிக்க அவ்வளவு தேவையே இல்லை, மிஞ்சிய ஓட்டெல்லாம் அவர் கருத்துள்ள இன்னொருவருக்குப் போயிருக்கலாம். போக வழி இல்லை.

அந்த மிச்சத்தை நகர்த்தத்தான் ஒற்றை மாற்று வாக்கு. ஆளுக்கு ஒரே ஓட்டு, ஆனால் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுவீர்கள். முதல் விருப்பக்காரர் தேவைக்கு மேல் வாங்கிவிட்டால் மிஞ்சியது இரண்டாம் விருப்பத்துக்குப் போகும், கடைசியில் இருப்பவரை நீக்கினால் அவர் சீட்டுகளும் அடுத்த விருப்பத்துக்குப் போகும். இதுவும் நமக்கு அந்நியம் இல்லை, மாநிலங்களவைக்கு எம்.எல்.ஏக்கள் இப்படித்தான் ஓட்டுப் போடுகிறார்கள். மும்பை கார்ப்பரேட்டர்கள் சட்டமேலவைக்குத் தங்கள் தொகுதியின் இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதும் விருப்ப வரிசையில்தான். அவர்களுக்குள் ஓட்டுப் போட நியாயமான முறை, அவர்களை நாம் தேர்ந்தெடுக்க மட்டும் பழைய முறை. அயர்லாந்தில் ஸ்லைகோ நகரம் 1919இலேயே இதைச் செய்தது, ஸ்காட்லாந்து தன் எல்லா உள்ளாட்சி மன்றங்களுக்கும் 2007 முதல் பெரும்பாலும் மூன்று நாலு பேர் வார்டு வைத்து இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறது. நம் நாலு பேர் பிரபாகை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டுமுறையை மட்டும் மாற்றினால் போதும் என்பதற்கு ஸ்காட்லாந்துதான் எனக்குப் பிடித்த சாட்சி.

எல்லோரும் எல்லா இடத்துக்கும் ஓட்டுப் போடும் முறை எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க அமெரிக்காவின் அலபாமாவில் இருக்கும் மொபைல் என்ற நகரம். 1911 முதல் நகரத்தை நிர்வகிக்கும் மூன்று ஆணையர்களையும் முழு நகரமும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது. மக்களில் மூன்றில் ஒரு பங்கு கறுப்பினத்தவர், வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும் வரை ஒரு கறுப்பினத்தவர்கூட ஜெயிக்கவில்லை. அந்தத் தீர்ப்பிலும் கறுப்பினத்தவர் தோற்றார்கள், 1985இல்தான் ஏழு வார்டாகப் பிரித்தார்கள். கலிபோர்னியாவில் 2002இல் வந்த மாநில வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு நூற்றுக்கணக்கான பள்ளி வாரியங்களும் நகரங்களும் இதே போல முழுப் பகுதித் தேர்தலை விட்டு வார்டுக்கு மாறின. நெருக்கமாக வாழும் சிறுபான்மைக்கு அது பலன் தரும். சிதறியவர்களுக்குத் தராது, அவர்களுக்குக் குவிப்பது அல்லது விருப்ப வரிசை, இரண்டே வழி.

இனி உங்கள் மன்றம். கிழக்குப் புறநகரில் ஒரு மன்றத்தில் நான் ஓட்டு எண்ணியிருக்கிறேன், பெயர் வேண்டாம். பதினோரு இடம், ஆளுக்குப் பதினோரு ஓட்டு, ஒருவருக்கு ஒன்றுதான். இரண்டு அணி. கல்யாண மண்டபத்தின் மேடையில் கரும்பலகை வைத்து, நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு என்று ஐந்து ஐந்தாகக் குறித்துக்கொண்டே போனோம். சாயங்காலம் பார்த்தால் பதினோரு வரியும் ஒரே நீளம், எதிரணியின் பதினோரு வரியும் அதைவிட ஒரு விரல்கடை குறைவு. பத்துப் பதினைந்து ஓட்டு வித்தியாசத்தில் பதினோரு இடமும் ஒரு பக்கம். எதிரணியில் இருந்தவர்களில் ஒருவர் இருபது வருடமாகப் பொங்கல் விழாவுக்கு அடுப்பு மூட்டியவர், அடுத்த பொங்கலுக்கு அவர் வரவில்லை, மற்றவர்களும் தனி மன்றம் தொடங்கிவிட்டார்கள். யாரும் தப்புச் செய்யவில்லை, விதியில் இருந்த ஒரே ஒரு வரி செய்த வேலை அது.

ஆகவே ‘ஒரு வேட்பாளருக்கு ஒரு ஓட்டுக்கு மேல் இல்லை’ என்ற வரியை எழுதாதீர்கள், யாராவது பழைய விதியிலிருந்து அப்படியே எடுத்து எழுதியிருப்பார்கள், தேடிப் பார்த்து அடியுங்கள். 300 உறுப்பினர், ஒன்பது இடம் என்றால், ஒன்பது ஓட்டையும் விரும்பியபடி பிரிக்கலாம் என்று வையுங்கள். 31 பேர் சேர்ந்தால் 279, மீதி 269 பேர் எப்படிப் பிரித்தாலும் ஒன்பது பேருக்கும் தலைக்கு 269க்கு மேல் தர முடியாது. கம்பெனிச் சட்டமே, 2013 சட்டத்தின் 163ஆம் பிரிவு, இயக்குநர்களை இப்படித் தேர்ந்தெடுக்க அனுமதிக்கிறது, பொதுக்குழுவில் யாராவது இது எங்கேயும் இல்லாத முறை என்று எழுந்தால் அதைக் காட்டுங்கள்.

விருப்ப வரிசை இன்னும் நல்லது, ஆனால் எண்ணுபவருக்குப் பொறுமை வேண்டும். 300 சீட்டு, ஜெயிக்கத் தேவை 31, ஒரு மதியம் முழுக்க ஆகும். எண்ணத் தெரிந்த இரண்டு பேர் கிடைத்தால் அதையே வையுங்கள். கிடைக்காவிட்டால் குவித்துப் போடும் முறை. பெண்களுக்கு மூன்று இடம் ஒதுக்க நினைத்தால் தனித் தேர்தல் வைக்க வேண்டாம், அதே ஓட்டுகளை எண்ணும்போதே பெண் வேட்பாளர்களில் முதல் மூன்று பேரை முதலில் எடுத்துவிட்டு மீதி ஆறை வரிசைப்படி நிரப்பினால் ஓட்டு சிதறாது. சமமாக வந்தால் என்ன செய்வது என்பதையும் தேர்தலுக்கு முன்பே எழுதிவிடுங்கள்.

சீட்டு அச்சடிக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே ஒரு பெரிய கட்டம் விட்டு, அதில் எத்தனை ஓட்டு என்று எண்ணால் எழுதச் சொல்லுங்கள், டிக் போடச் சொன்னால் பெரியவர்கள் ஒன்பது பேருக்கும் ஒவ்வொரு டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அடியில் ‘மொத்தம் 9’ என்று தடித்த எழுத்தில் இருக்கட்டும். கூட்டல் ஒன்பதைத் தாண்டிய சீட்டு செல்லாது, குறைந்தால் செல்லும். பொதுக்குழுவுக்கு ஒரு வாரம் முன்னால், ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், இட்லியா தோசையா பொங்கலா என்று வைத்து ஒரு மாதிரித் தேர்தல் நடத்திப் பாருங்கள், எண்ணும் வேலையை மன்றத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள்.